ஒரு சாண் கயிறு

குலேப்ரா என்பது போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே கிடக்கும் ஒரு சின்னத் தீவு. அதன் நடுவே கடல் உள்ளே புகுந்து, உள்ளங்கையைக் குவித்தாற்போல் ஒரு விரிகுடாவை உண்டாக்கியிருக்கிறது. பெயர் என்செனாடா ஹோண்டா. வாய் குறுகல், சுற்றிலும் குன்றுகள், ஓரங்களில் அலையாத்திக் காடு. கரீபியன் கடலில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட இடத்தைச் 'சூறாவளிப் பொந்து' என்பார்கள். 1989 செப்டம்பரில் ஹியூகோ சூறாவளி வருகிறது என்று தெரிந்ததும், அக்கம்பக்கத் தீவுகளின் படகுகள் எல்லாம் அந்தப் பொந்துக்குள் வந்து அடைந்தன. நூற்றுக்கணக்கில். 18ஆம் தேதி காலை ஹியூகோ அந்தப் பக்கமாகக் கடந்தது. உள்ளே நின்ற ஒரு கலத்தின் கருவி மணிக்குச் சுமார் 270 கி.மீ. வேகத்தில் ஒரு வீச்சைப் பதிவு செய்தது. காற்று ஓய்ந்தபின் பார்த்தால் ஏராளமான படகுகள் கரையில் கிடந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, பாய்மரங்கள் பின்னிக்கொண்டு.

படகு உடைந்ததால் அவை கரையேறவில்லை, கட்டு விட்டதால் கரையேறியவையே அதிகம். கட்டு விட்டபிறகுதான் உடைந்தன. எந்த இடத்தில் கட்டு விடுகிறது என்று தேடிப் போனால் பெரும்பாலும் வந்து நிற்பது ஒரு சாண் நீளமுள்ள கயிற்றில். படகின் விளிம்பில் இருக்கும் உலோக வாய் வழியாக அது வெளியே போகிற அந்த ஒரு சாண். இந்த அத்தியாயம் அந்த ஒரு சாணைப் பற்றியது. ஆனால் அங்கே போய்ச் சேர, காற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கணக்குக்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் நீளம், 6 டன் எடை, ஒற்றைப் பாய்மரம். மூரிங்கில் கட்டியிருக்கிறது. மூரிங் என்றால் கடலடியில் நிரந்தரமாகப் போட்டு வைத்த ஒரு பெரிய எடை, அதிலிருந்து மேலேறும் சங்கிலி, சங்கிலியின் தலையில் ஒரு மிதவை. மிதவையிலிருந்து படகின் அணியத்துக்கு, அதாவது நம் மீனவர்கள் அப்படிச் சொல்லும் முன்பகுதிக்கு, ஒரு நைலான் கயிறு.

காற்றை நேர்முகமாக வாங்கும்போது உடல், அறைக்கூரை, பாய்மரம், கம்பிகள் எல்லாம் சேர்த்து 6 சதுர மீட்டர் பரப்பு காற்றுக்குக் காட்டும் என்று வைப்போம். மணிக்கு 54 கி.மீ. காற்றில் கயிற்றில் விழும் இழுப்பு சுமார் 80 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் சமாளித்துவிடலாம். காற்று இரட்டித்து 108 ஆனால் இழுப்பு 330 கிலோ. இன்னொருமுறை இரட்டித்து 216 ஆனால் 1,300 கிலோவுக்கு மேல். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வரும் வினை இது. 63 கி.மீ. தொட்டால் வெப்பமண்டலப் புயல் என்று பெயர் வைக்கிறார்கள், 119 தொட்டால் ஹரிக்கேன். செய்தியில் கேட்கும்போது ஒன்றின் இரட்டிப்பு மற்றது என்றுதான் தோன்றும். கயிற்றுக்கு அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

படகுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது காதில் விழும். கம்பியைக் கடக்கும் காற்று அதன் முதுகுப் பக்கம் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிகளை உதிர்க்கிறது. ஒவ்வொரு சுழியும் ஒரு தட்டு, தட்டுகள் சேர்ந்தால் ஒலி. செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரோஹால் 1878-இல் இதை அளந்து, ஒலியின் அதிர்வெண் காற்றின் வேகத்துக்கு நேர்விகிதம் என்று காட்டினார். 8 மி.மீ. கம்பி, 54 கி.மீ. காற்றில் நொடிக்கு 375 அதிர்வுகள், 108-இல் 750. சங்கீதக்காரர் மொழியில் சரியாக ஒரு ஸ்தாயி. ஆக, கம்பி ஒரு ஸ்தாயி மேலே போய்ப் பாடினால் கயிற்றில் இழுப்பு நான்கு மடங்காகிவிட்டது என்று பொருள். புயலில் படகில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த ஓலத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். பயத்தில் சொல்லும் வர்ணனை என்று ஒதுக்கிவிட வேண்டாம், அது ஒரு அளவீடு.

காற்றின் இழுப்பைப் பொறுத்தவரை, பரப்பைக் குறைப்பது மட்டும்தான் முன்கூட்டியே நம் கையில் இருப்பது. பல படகுகளில் முன்பாயை ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி அப்படியே மேலே விட்டுவைப்பார்கள். 12 மீட்டர் உயரம், 15 செ.மீ. தடிமன் என்றால் 1.8 சதுர மீட்டர். 15 மீட்டர் உயரமும் 12 செ.மீ. அகலமும் உள்ள பாய்மரமும் அதே 1.8தான். சுருட்டிய பாயை இறக்காமல் விட்டவர் இரண்டாவதாக ஒரு பாய்மரத்தை நட்டு வைத்தவர் ஆகிறார். இன்னும் கெட்டது, புயல் நடுவில் அந்தச் சுருள் அவிழ்ந்துகொள்வது. அவிழ்ந்த துணி படபடத்துப் படகையே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

பக்கவாட்டு என்றதும் இன்னொன்று. கட்டிய படகு காற்றுக்கு நேராக மூக்கைக் காட்டிக்கொண்டு சாதுவாக நிற்கும் என்று நினைத்தால் தவறு. பாய்மரம் படகின் முன்பாதியில் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும் கீல் (keel) என்ற கனத்த தகடு அதற்குப் பின்னால். காற்று அணியத்தை ஒரு பக்கம் தள்ளும், படகு அந்தப் பக்கமாகவே ஓடும், கயிறு முறுக்கிப் பிடித்துத் திருப்பும், மறுபக்கம் ஓடும். கொட்டிலில் கட்டிய முரட்டுக் கன்று போல இரவு முழுக்க இதே ஆட்டம். திரும்பும் நேரத்தில் படகின் முழு விலாவும் காற்றுக்குத் திறந்திருக்கும், பரப்பு இரண்டு மூன்று மடங்காகும். மேலே போட்ட 330 கிலோ என்ற கணக்கு அங்கேயே பொய்த்துவிடுகிறது.

உண்மையில் அலை வந்து தூக்கும்போது காற்றின் கணக்கே சிறிதாகிவிடுகிறது. 6 டன் படகு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. நிதானமாக நடக்கும் மனிதரின் வேகம்கூட இல்லை. அதை நிறுத்த வேண்டும். விறைத்து நிற்கும் சங்கிலி 5 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்துவதாக வைத்தால் சராசரி விசை 6 டன். உச்சம் அதைவிடக் கூடுதல். 10 மி.மீ. சங்கிலி சுமார் 5, 6 டன்னில் அறுந்துவிடும் வகை. அதே படகை நைலான் கயிறு ஒரு மீட்டர் நீண்டுகொடுத்து நிறுத்தினால் சராசரி விசை 300 கிலோதான், உச்சம் 600. ஆற்றல் ஒன்றுதான், தூரம் மட்டும் இருபது மடங்கு. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவர் பந்தோடு கையையும் பின்னால் இழுத்துக்கொள்வது இதே காரணத்துக்காகத்தான்.

சங்கிலியும் நீளாதா என்று கேட்கலாம். சங்கிலி நீளாது, தொய்யும். அதன் எடையால் கீழே வளைந்து தொங்குகிறது, இழுத்தால் வளைவு நிமிர்ந்து இடம் கொடுக்கிறது. மெல்லிய காற்றில் அழகான ஏற்பாடு. ஆனால் அணியத்திலிருந்து தரைவரை 6 மீட்டர் உயரம் இருக்கும் இடத்தில், முழுக்கச் சங்கிலியாலேயே கட்டிய படகின் கடைசிக் கண்ணி தரையைவிட்டு எழும்பாமல் இருக்க எவ்வளவு சங்கிலி வேண்டும் தெரியுமா? நீருக்குள் மீட்டருக்கு 2 கிலோ எடையுள்ள சங்கிலி, 330 கிலோ இழுப்பு என்றால் சுமார் 45 மீட்டர். 1,300 கிலோ என்றால் 88. நெரிசலான விரிகுடாவில் அவ்வளவு நீளத்துக்குச் சுழல இடம் யார் தருவார்கள்? சங்கிலி சீக்கிரமே கம்பியாகிவிடும். அதற்குப்பின் இடம் கொடுப்பது நைலான் ஒன்றுதான்.

கீழே தரையில் என்ன பிடித்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், நீளமாக வேண்டாம். கான்கிரீட் கட்டி மலிவு. ஆனால் ஒரு டன் கட்டி கடல்நீரில் 570 கிலோதான். மீதியை ஆர்க்கிமிடீஸ் வாங்கிக்கொண்டார். காளான் வடிவ நங்கூரம் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சனின் யோசனை. பெல் ராக் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர், 'புதையல் தீவு' எழுதியவரின் தாத்தா. அது சேற்றில் மெல்ல மெல்லப் புதைய வேண்டும். மணலிலும் பாறையிலும் அவ்வளவு பயனில்லை. மூன்றாவது வகையைக் கண்டுபிடித்தவர்தான் எனக்குப் பிடித்தவர்: பெல்ஃபாஸ்ட்டில் வாழ்ந்த அலெக்சாண்டர் மிட்செல், பார்வையற்றவர். ராட்சதத் திருகாணி ஒன்றைக் கடலடியில் முறுக்கி இறக்கும் முறைக்கு 1833-இல் காப்புரிமை பெற்றார். திருகாணியை மேலே பிடுங்க வேண்டுமென்றால் அதன் இலைக்கு மேலே இருக்கும் மண்ணையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். எடையை நம்பாமல் மண்ணை நம்புகிற வடிவம்.

இது ஏன் முக்கியம் என்றால், புயல் வரும்போது கடலே உயர்கிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எழும்பும்; அது சில்லறை. காற்று ஆழமில்லாத கரையை நோக்கித் தண்ணீரைத் தள்ளிக் குவிப்பதுதான் பெரிய தொகை. நீர் இரண்டு மீட்டர் உயர்ந்தால் கிடைமட்டமாக இழுத்துக்கொண்டிருந்த சங்கிலி மேல்நோக்கி இழுக்கத் தொடங்கும். கான்கிரீட் கட்டி அப்போதுதான் துள்ளித் துள்ளி நகர ஆரம்பிக்கும்.

திசைக்கு வருவோம். 'சைக்ளோன்' என்ற சொல் பிறந்தது நம் கடலில்தான், வங்காள விரிகுடாவின் தலைமாட்டில். கல்கத்தாவில் கடல்சார் நீதிமன்றத்தில் பணிபுரிந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளின் குறிப்பேடுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு, புயல் நேர்க்கோட்டில் வீசும் காற்று அன்று, பாம்பு போலச் சுருண்டு வருவது என்று உறுதிசெய்துகொண்டார். அந்தச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848-இல் பெயர் வைத்தார். தன் நூலோடு, காற்றின் அம்புக்குறிகள் அச்சிட்ட ஒளிபுகும் கொம்புத் தகடுகளையும் கொடுத்தார். மாலுமி அதை வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்தினால், புயல் இந்தப் பக்கம் போனால் தனக்குக் காற்று எந்த வரிசையில் திரும்பும் என்று கண்ணாலேயே பார்க்கலாம். அன்றைக்கு அது ஒரு கைக்கணினி.

மூரிங்கில் நிற்பவருக்கு அந்தத் தகடு இன்றைக்கும் வேண்டும். மேற்கு நோக்கிப் போகும் கரீபியன் புயல் உங்களுக்குத் தெற்கே கடந்தால் காற்று வடகிழக்கில் தொடங்கிக் கிழக்காகி, தென்கிழக்காகும். வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. புயலின் கண் நேராக மேலே வந்தால் சட்டென்று அமைதி. வானம் வெளுக்கும், ஆட்கள் மேல்தளத்துக்கு வந்து மூச்சுவிடுவார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தில் அடிக்கும். முன்னிரவில் குன்று மறைத்துக் காப்பாற்றிய படகுக்கு இப்போது விரிகுடாவின் திறந்த வாய் நேர் எதிரே. இடம் தேர்பவர் இன்றைய காற்றைப் பார்த்துத் தேர்ந்தால் பாதிப் புயலுக்குத்தான் தேர்ந்தவர் ஆகிறார்.

அலையாத்தி மரங்களில் பல கயிறுகளைக் கட்டிச் சிலந்தி வலைபோல் நடுவில் நிற்பவர்களும் உண்டு. வேர்க்கூட்டம் அலையின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும், கிளைகள் நைலானைப் போல வளைந்து கொடுக்கும். அலையை ஆற்றுவது என்று அதற்குப் பெயரிட்டவர்கள் நல்ல இயற்பியல் தெரிந்தவர்கள். ஆனால் 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளைக் கடந்தபோது அதுவும் போதவில்லை. டோர்டோலா தீவின் பராகீட்டா விரிகுடாவில் நெருக்கியடித்துக் கட்டியிருந்த வாடகைக் கேட்டமரான்கள் பல தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தன. இரண்டு உடல்களுக்கு நடுவே இருக்கும் அகன்ற மேடைக்கு அடியில் காற்று புகுந்தால் படகு பட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. கீழே எடை தொங்கும் கீல் அதற்குக் கிடையாது; கவிழ்ந்தால் தானாக நிமிராது. நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது என்பது பலருக்கும் தெரியும். கொல்லத்துக்கோ நாகப்பட்டினத்துக்கோ போய்ப் பார்த்தால், சொல்லைத் தவிர வேறெதுவும் பொதுவில்லை என்பதும் தெரியும். நம் ஆட்கள் புயல் வந்தால் கட்டை அவிழ்த்து மரங்களைக் கரையில் ஏற்றிவிடுவார்கள்.

படகிலேயே இருப்பதா, இறங்கிப் போவதா? இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு கொஞ்சம். எஞ்சினை மெல்ல முன்னோக்கி ஓட்டிக் கயிற்றின் பாரத்தைக் குறைப்பார்கள். கொஞ்சம் அதிகமாக ஓட்டிவிட்டால் கயிறு தொய்ந்து சுழல்விசிறியில் சிக்கும், அல்லது படகு முன்னே ஓடித் திரும்பி விழும்போது முன்னைவிடப் பெரிய வெட்டு. மழை கிடையாகச் சரளைக்கல் போல வருவதால் கண் திறக்க முடியாது. முக்குளிப்பவர்கள் போடும் கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டுதான் முன்னே பார்ப்பார்கள். அப்படிப் பார்த்து என்ன பயன் என்றால், மேல்காற்றில் நிற்கும் அடுத்தவர் படகு கட்டறுந்து வருவது தெரியும். அதைத் தடுக்க வழியில்லை. குலேப்ராவில் நெரிசலே ஒரு ஆபத்து. தன் கட்டு உறுதியாக இருந்தவரும் பக்கத்தவரின் கட்டை நம்பித்தான் இருந்தார்.

உள்ளே இருப்பதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு, அது அந்த ஒரு சாண் கயிறு. மணிக்கொருமுறை அணியத்துக்குத் தவழ்ந்து போய், கயிற்றை ஒரு சாண் வெளியே விட்டுக் கட்டினால், தேய்ந்த பகுதி வெளியே போய்ப் புதிய பகுதி உலோக வாயில் உட்காரும். பழைய மாலுமிகள் விடாமல் செய்த வேலை இது. 80, 90 கி.மீ. காற்றில் முடியும். 150-க்கு மேல் தவழவும் முடியாது. வேலை மிக அவசியமாகும் நேரத்தில் அதைச் செய்ய இயலாது. ஆகவே ஹரிக்கேன் வருமென்றால் கயிற்றை ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கரைக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் என் கட்சி. படகுக்காகச் செய்யக்கூடியது எல்லாம் முதல்நாளே முடிந்துவிடுகிறது.

சரி, அந்த ஒரு சாணில் என்னதான் நடக்கிறது? கயிறு மிதவையிலிருந்து வந்து, விளிம்பின் உலோக வாய்க்குள் நுழைந்து, மேல்தளத்தில் ஒரு மீட்டர் உள்ளே போய் இரும்புக் கொம்பில் கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அலைக்கும் கயிறு ஒரு மீட்டர் நீள்கிறது என்றோமே, கயிற்றின் நீளம் 12 மீட்டர் என்று வைத்தால் அது நூற்றுக்கு எட்டு. வாய்க்கு உள்ளே இருக்கும் ஒரு மீட்டரும் அதே கணக்கில் 8 செ.மீ. நீளும். அந்த 8 செ.மீ. வாய் வழியாக வெளியே போய், மறுபடி உள்ளே வரும். நான்கு நொடிக்கு ஓர் அலை என்றால் 12 மணி நேரத்தில் 10,800 முறை. போக 8, வர 8. மொத்தம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தூரம், அரை டன் இழுப்போடு, ஒரு உலோக விளிம்பின்மேல் கயிறு ரம்பம் போல இழுபடுகிறது. கிணற்றடிக் கல்லில் தாம்புக்கயிறு போட்ட பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தலைமுறைக் கணக்கில் நடந்தது இங்கே ஒரே இரவில், அதுவும் கயிற்றின் பக்கம்.

தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் என்பதால் எல்லோரும் அதற்கு மருந்து செய்தார்கள். கயிற்றுக்கு ரப்பர் குழாயை உறையாக மாட்டினார்கள். 1985-இல் குளோரியா, 1991-இல் பாப் என்று சூறாவளிகள் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையை அடித்துப்போன பின்பு, அறுந்த மூரிங் கயிறுகளைப் பொறியாளர்கள் எடுத்துப் பார்த்தபோது இன்னொரு கதை வெளிவந்தது. நைலான் நீளும்போது உள்ளே எடுத்துக்கொள்ளும் ஆற்றல் முழுவதையும் சுருங்கும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு, இழைகள் ஒன்றோடொன்று உரசும் வெப்பமாக உள்ளேயே தங்கிவிடுகிறது. திறந்த கயிறாக இருந்தால் மழையும் அலைத்துளியும் அதைக் கழுவிக்கொண்டு போகும். குழாய்க்குள் தண்ணீர் புகாது. வெளியே வெள்ளமாக மழை கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே கயிறு வேகும். நைலான் அதன் வகையைப் பொறுத்து 220 டிகிரியிலோ 260 டிகிரியிலோ உருகும். வலு இழப்பது அதற்கு வெகு முன்பே.

அதனால் இப்போது விவரம் தெரிந்தவர்கள் ஒரே கயிற்றை முழுக்கப் போடுவதில்லை. கொம்பிலிருந்து உலோக வாயைத் தாண்டும் வரை அதிகம் நீளாத பாலியஸ்டர், அதன்மேல் தண்ணீர் ஊறக்கூடிய கேன்வாஸ் உறை. வெளியே, எதிலும் உரசாத இடத்தில், நைலான் தன்பாட்டுக்கு நீளலாம். இடம் கொடுக்கும் வேலையையும் உரசலைத் தாங்கும் வேலையையும் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று.

புயலுக்குப் பிறகு கரையில் கிடக்கும் படகின் அணியத்தில் பெரும்பாலும் ஒரு கயிற்றுத் துண்டு கட்டியபடியே தொங்கிக்கொண்டிருக்கும். அதன் நுனியைப் பார்த்தால் போதும். தேய்ந்து அறுந்தது என்றால் பழைய துடைப்பம் மாதிரி பிசிறு பிசிறாக விரிந்திருக்கும். மற்ற வகையில் வெளி இழைகள் புதிது போலவே வெள்ளையாக இருக்கும். விரலால் பிரித்துப் பார்த்தால் நடுவில், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மெழுகுபோல் பளபளத்து, உறைந்து கெட்டியாகக் கிடக்கும்.